சேலத்தில் வேனில் காலப் பறவை நடை: மூக்கனேரிக் கரையிலிருந்து ஏற்காட்டுக் காபித் தோட்டம் வரை

பறவை பார்க்கும் ஆசை வந்ததும் சேலத்துக்காரர்கள் பெரும்பாலும் நேராக ஏற்காட்டுக்குத்தான் வண்டியைக் கிளப்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி, கழுத்தில் புதுக் கேமரா. இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, நாலு காக்கையும் ரெண்டு மைனாவும் பார்த்துவிட்டு இறங்குவார்கள். அடுத்த வாரம் கேட்டால், "அங்க ஒண்ணும் இல்லீங்கண்ணா" என்பார்கள்.

அங்கே எல்லாம் இருக்கிறது. போன வரிசைதான் தப்பு. முதலில் சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கும் மூக்கனேரி, அடுத்தது ஏற்காட்டு மலை அடிவாரம், கடைசியில்தான் மலை. ஏரிப் பறவை பெரியது, வெட்டவெளியில் நிற்கும், பத்து நிமிஷம் பார்த்தாலும் கோபித்துக்கொள்ளாது. அடிவாரத்துப் பறவை சின்னது, ஆனால் வேனிலில் அங்கே இலை குறைவு. மலையில் பறவை இலைக்குள் இருக்கும். காது பழகாமல் போனால் வெறும் பச்சையைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். சில வருஷமாகப் புதியவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறேன். அவர்கள் எங்கெங்கே தடுமாறினார்கள் என்று பார்த்து அமைத்த வரிசை இது.

1. எந்த மாதம் எதற்கு என்று முதலில் பாருங்கள்

நம் பக்கம் வேனில் வந்தால் முதலில் இலை கொட்டும், ஏரி வற்றும், அப்புறம்தான் துளிர் வரும். மூன்றுமே நமக்கு லாபம். இலை கொட்டினால் கிளை தெரியும். நீர் சுருங்கினால் பறவைகள் ஒரே இடத்தில் கூடும். துளிர் வந்தால் புழு வரும், புழு வந்தால் குருவி வரும்.

மாசியில் வலசை வந்தவை இன்னும் இங்கேதான் இருக்கும். வாலாட்டி, தகைவிலான், கதிர்க்குருவிகள் எல்லாவற்றையும் பார்க்கலாம். இலவம் பூத்திருந்தால் அந்த ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் நின்றாலே போதும். தேன்சிட்டு, மைனா, கரிச்சான், வால்காக்கை என்று வரிசையாக வரும். அதிர்ஷ்டம் இருந்தால் சூறைக்குருவிக் கூட்டமும் இறங்கும்.

பங்குனியில் ஒரு பக்கம் விருந்தாளிகள் மூட்டை கட்டுவார்கள், இன்னொரு பக்கம் உள்ளூர்ப் பறவைகள் குடும்பம் நடத்தத் தொடங்கும். பாட்டும் சண்டையும் அதிகம். புதியவர் தொடங்க இதைவிட நல்ல மாதம் இல்லை.

சித்திரையில் வெயில் நம்மை விரட்டும். காலை எட்டரைக்கு மேல் நிற்க முடியாது. மே மாதம் ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம் வேறு. ஆகவே மலையைப் பங்குனிக்குள், அதாவது ஏப்ரல் நடுவுக்குள் முடித்துவிடுங்கள். சித்திரையை ஏரிக்கு விட்டுவிடுங்கள்.

2. பையில் என்ன இருக்க வேண்டும்

பைனாகுலர் ஒன்று: 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். முன்னால் உள்ள 8 எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. பின்னால் உள்ள 42 முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். புதியவர்கள் "பெரிசாத் தெரியணும்" என்று 20 மடங்கு, 30 மடங்கு என்று கேட்டு வாங்கிவிடுகிறார்கள். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். பார்க்கும் பரப்பும் சுருங்கிவிடும். பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் அது கன்னங்குறிச்சியைத் தாண்டிவிடும்.

கையடக்க நோட்டு, பென்சில். பேனா வேண்டாம். பனியில் நனைந்த தாளில் மை பரவும்.

தண்ணீர் ஒரு லிட்டர், தொப்பி, காலை மூடும் செருப்பு அல்லது ஷூ. உடை மங்கலான பச்சை, பழுப்பு, சாம்பல் ஏதாவது ஒன்றாக இருக்கட்டும். வெள்ளைச் சட்டை வேண்டாம். வறண்ட காட்டில் நீங்கள் கையைத் தூக்கினால் கொடி காட்டுவது போல இருக்கும். சென்ட், வாசனை எண்ணெய் போடாதீர்கள். மலைப்பக்கம் பாறைகளில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும்.

கேமரா? முதல் ஐந்து நடைக்கு வேண்டாம் என்பது என் கட்சி. இதற்காக என்னிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. ஆனால் கேமரா வைத்திருப்பவர் படம் கிடைத்ததும் பறவையைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். படம் எடுத்தவரிடம் "அது வாலை ஆட்டிச்சா?" என்று கேட்டுப் பாருங்கள், தெரிந்திருக்காது.

3. பைனாகுலரை மொட்டை மாடியில் பழகுங்கள்

பெரும்பாலோர் தாண்டிப் போகும் படி இது. நடையில் வீணாகும் நேரத்தில் பாதி இதனால்தான். முதல் நாளே ஏரிக்கு எடுத்துப் போய், "எனக்கு ரெண்டு வட்டமாத் தெரியுது" என்று சொன்னால் சுற்றி இருப்பவர்களுக்கும் நடை கெட்டுப்போகும்.

முதலில் இரண்டு குழாயையும் பிடித்து மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகச் சேரும் வரை அகலத்தைச் சரி செய்யுங்கள். கண்ணாடி போடுபவர் கண் வைக்கும் இடத்து ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிடுங்கள். போடாதவர் வெளியே ஏற்றுங்கள்.

அடுத்து, எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவோ கேபிள் முடிச்சோ ஒன்றைக் குறி வையுங்கள். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, இடது கண்ணால் மட்டும் பார்த்தபடி நடுச் சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். அப்புறம் இடதை மூடி, வலது கண்ணால் பாருங்கள். இப்போது நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் வைக்கும் இடத்தில் உள்ள வளையத்தை மட்டும் திருகுங்கள். சில மாடலில் இந்த வளையம் இடது பக்கம் இருக்கும். அப்படியானால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். நம் இரண்டு கண்ணுக்கும் பார்வை ஒரே அளவு இருப்பது அபூர்வம். அந்த வித்தியாசத்தை ஈடு செய்யத்தான் இந்த வளையம். ஒருமுறை வைத்துவிட்டால் அது உங்கள் அளவு. அதற்குப் பின் நடுச் சக்கரம் மட்டும்தான்.

இனிப் பயிற்சி. கம்பியில் ஒரு காக்கை உட்கார்ந்திருக்கிறது. அதன் மேலிருந்து கண்ணை எடுக்காமல், தலையைக் குனியாமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு மறுபடி நிமிர்ந்து தேடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. தினம் இருபது முறை, ஒரு வாரம் செய்யுங்கள். காக்கை பிடிபட்டால் புறா, புறா பிடிபட்டால் பறக்கும் பருந்து. தையல்சிட்டு பிடிபடும் நாளில் ஏரிக்குக் கிளம்பலாம்.

ஒரு எச்சரிக்கை: சூரியன் பக்கம் பைனாகுலரைத் திருப்பவே கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்கும்போது முதலில் இதைச் சொல்லுங்கள்.

4. தெருவில் பத்துப் பறவை

காக்கை, மைனா, புள்ளிப்புறா, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, கரிச்சான், ஊதாத் தேன்சிட்டு, தையல்சிட்டு, குயில், செம்போத்து. சேலத்தில் ஒரு முருங்கை மரமும் வேலியும் இருக்கும் எந்தத் தெருவிலும் இவற்றைப் பார்த்துவிடலாம்.

இந்தப் பத்தையும் பார்த்தவுடன் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் இவைதான் அளவுகோல். "கொண்டைக்குருவியைவிடப் பெரிசு, மைனாவைவிடச் சின்னது" என்று சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

குயிலில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். கூவுகிற கறுப்பு ஆண் குயில். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்டு, "கிக்-கிக்-கிக்" என்று பதறிக்கொண்டு பறப்பது பெண். ஒவ்வொரு பங்குனியிலும் யாராவது ஒருவர் பெண் குயிலைப் படம் பிடித்து, "அண்ணா, இது என்ன பருந்து?" என்று எனக்கு அனுப்பாமல் இருந்ததில்லை.

5. முதல் மூன்று நடையும் மூக்கனேரி

கன்னங்குறிச்சி மூக்கனேரியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்திருக்கிறார்கள். ஆள் போக முடியாத திட்டு என்பதால் பறவைகள் பயமில்லாமல் உட்காரும். நாம் கரையில் நின்று பார்த்தாலே போதும்.

மார்ச் தொடக்கத்தில் சூரியன் ஆறரை மணி அளவில் வரும். ஏப்ரல் நடுவில் ஆறு மணிக்குச் சற்றுப் பின். அதற்கு ஒரு கால் மணி நேரம் முன்னதாகக் கரையில் இருங்கள். இரவு அடைந்தவை கலைந்து போவதும், இரவெல்லாம் இரை தேடிய வக்கா திரும்பி வருவதும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் நடக்கும்.

வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி இடம் பிடியுங்கள். சூரியனைப் பார்த்து நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். நீர்க்காகம் கண்டதாக எழுதி வைத்த பாதிப் பேர் உண்மையில் கண்டது நாமக்கோழி.

பிறகு நிற்க வேண்டும், நடக்கக் கூடாது. ‘நடை’ என்று பெயர் வைத்ததால் எல்லோரும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரே இடத்தில் இருபது நிமிஷம். முதல் ஐந்து நிமிஷம் உங்களைப் பார்த்து ஒதுங்கியவை அடங்கிப் போயிருக்கும். பத்தாவது நிமிஷத்துக்கு மேல் ஆகாயத்தாமரை ஓரத்தில் கானாங்கோழி வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு வெளியே வரும். முக்குளிப்பான் மூழ்கினால் மூழ்கிய இடத்தையே பார்க்காதீர்கள். நாலைந்து கெஜம் தள்ளி எழும். கண்ணை அகலமாக விரித்து வைத்திருப்பவர்தான் முதலில் பார்ப்பார்.

பார்க்கும் வரிசை: முதலில் திறந்த நீர், அடுத்து நீரோரச் சேறு, அடுத்து செடி ஓரம், கடைசியில் திட்டு மரங்கள், அப்புறம் வானம். திறந்த நீரில் இருப்பவைதான் முதலில் விலகிப் போகும். மரத்தில் அடைந்தவை அவசரப்படாது. பாம்புத்தாரா இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தால், நீங்கள் டீ குடித்துவிட்டு வந்தாலும் அங்கேயே இருக்கும்.

மூன்று நடையும் அதே இடத்தில் ஏன்? முதல் நாள் எல்லாம் புதிது. இரண்டாம் நாள் எது வழக்கம் என்று தெரியும். மூன்றாம் நாள்தான் எது வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்று கண்ணில் படும். அந்த மூன்றாம் நாளுக்காகத்தான் முதல் இரண்டு நாளும்.

சித்திரையில் போகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். மடையான் முதுகு செம்பழுப்பாக மாறியிருக்கும். உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சு பூசியது போல இருக்கும். புதுப் பறவை இல்லை, கல்யாணச் சட்டை. மாசியில் பார்த்த அதே பறவைதான்.

6. பெயரைக் கடைசியில் கேளுங்கள்

பறவை தெரிந்ததும் புதியவர் வாயில் வரும் முதல் வார்த்தை "என்ன பறவை?" பதில் கிடைத்ததும் பார்ப்பது நின்றுவிடும். என்னோடு வருபவர்களுக்கு ஒரு நிமிஷம் பெயர் சொல்ல மாட்டேன். அந்த ஒரு நிமிஷத்தில் ஐந்து கேள்விக்கு அவர்களே பதில் சொல்ல வேண்டும்.

எவ்வளவு பெரிது? அலகு எப்படி: குத்தூசியா, கத்தரியா, கொக்கியா? எங்கே இருக்கிறது: தரையா, தண்டா, நுனிக் கிளையா? என்ன செய்கிறது? கடைசியாகத்தான் நிறம்.

நிறத்தை ஏன் கடைசியில் வைக்கிறேன் என்றால், வெளிச்சம் அதைத்தான் முதலில் ஏமாற்றும். வண்ணாத்திக்குருவியும் கருஞ்சிட்டும் நிழலில் ஒன்று போலக் கறுப்பாகத் தெரியும். ஒரே வகைக்குள்ளும் ஆண் ஒரு நிறம், பெண் ஒரு நிறம், குஞ்சு வேறொரு நிறம். ஆனால் பஞ்சுருட்டான் எந்த வெளிச்சத்திலும் கம்பியிலிருந்து எழும்பி, பூச்சியைப் பிடித்து, அதே கம்பிக்குத் திரும்பும். வாலாட்டி எந்த வெளிச்சத்திலும் வாலை ஆட்டும். நம் ஊரில் பேர் வைத்தவர்களே அதைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் அங்கேயே, நின்ற இடத்திலேயே நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதினால், புத்தகத்தில் உள்ள படம் உங்கள் ஞாபகத்தைத் திருத்திவிடும்.

7. நாலாவது நடை: அடிவாரம்

மூக்கனேரியில் முப்பது வகை எழுதிவிட்டால் அடிவாரத்துக்கு வாருங்கள். குரும்பப்பட்டிப் பக்கத்துச் சாலையோரம், மலை தொடங்கும் இடத்துப் புறம்போக்கு, கரடு, மானாவாரிக் காடு. குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குள் போகலாம் என்றால், அது திறக்கும் நேரத்துக்குள் பறவைகள் காலை வேலையை முடித்துவிட்டிருக்கும். பூங்கா திறக்கும் வரை வெளியே சாலையோரம், அப்புறம் வேண்டுமானால் உள்ளே.

பொதுச் சாலையையும் ஊர்ப் பாதையையும் தாண்டாதீர்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. வேனிலில் இது வெறும் சட்டப் பிரச்சினையாக நிற்காது. காய்ந்த போதைப்புல் ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததும் இதே பருவத்தில்தான். பீடி, சிகரெட், தீப்பெட்டி பையிலேயே இருக்கக் கூடாது.

இங்கே பார்க்க வேண்டியவை: வேலி மேல் கருஞ்சிட்டு, புதருக்குள் வெண்புருவச் சின்னான், தரையில் கௌதாரி, கம்பியில் பனங்காடை, எங்கிருந்தோ அகவும் மயில். வால்காக்கையும் பச்சைவாயனும் இலை உதிர்ந்த மரத்தில் ஒளிய இடமில்லாமல் மாட்டும்.

நாங்கள் இந்தப் பக்கம் ஒருமுறை காய்ந்த குட்டை ஓரம் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி ஒரே கத்தல். நான் பெரிய மனுஷன் மாதிரி, "சிவப்பு மூக்கு ஆள்காட்டி, மஞ்சள் காலைக் கவனியுங்கள்" என்று விளக்கிக்கொண்டே முன்னால் நடக்கிறேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "பாத்துக் காலை வை கண்ணு. ஆக்காட்டி இப்பிடிக் கத்துனா முட்ட பக்கத்துலதான் இருக்கும்."

நின்றேன். கால் கட்டை விரலுக்கு இரண்டு அடி முன்னால், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக நான்கு முட்டை. மண் நிறம், மேலே கறுப்புத் திட்டு. குறுகிய முனை நான்கும் உள்பக்கம் சேர்ந்து, கோலத்துப் புள்ளி மாதிரி ஒழுங்காக. கூடு என்று சொல்ல ஒரு குச்சிகூட இல்லை. வந்த வழியே காலடி பார்த்துத் திரும்பினோம். அன்றிலிருந்து ஆள்காட்டி கத்தினால் முதலில் கீழே பார்க்கிறேன், அப்புறம்தான் மேலே.

8. காதுக்கு வேலை கொடுங்கள்

அடிவாரத்திலேயே இதைத் தொடங்க வேண்டும். மலைக்குப் போய்த் தொடங்கினால் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்து குழப்பும்.

பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்காருங்கள். புதுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். பத்து விரலும் மடங்கினால் காது திறந்துவிட்டது.

பிறகு ஒவ்வொரு சத்தத்தையும் உங்களுக்குத் தெரிந்த சத்தத்தோடு கட்டிப்போடுங்கள். செம்மார்புக் குக்குறுவான் வெயில் ஏறிய பிறகும் "டுக்... டுக்... டுக்..." என்று பாத்திரக்கடையில் தட்டுவது போல நிறுத்தாமல் தட்டும். செம்போத்து தொண்டைக்குள்ளிருந்து "ஊப்-ஊப்-ஊப்" என்னும். தையல்சிட்டு தன் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத சத்தத்தில் "ட்விட்-ட்விட்-ட்விட்" என்று தெருவையே கூட்டும். அக்காக்குயில் பெயரிலேயே பாட்டு இருக்கிறது. ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் சுதி ஏறிக்கொண்டே போய், சட்டென்று நின்றுவிடும்.

குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் ஆப் இலவசம். நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொண்டு போங்கள். மலையில் சிக்னல் வந்து வந்து போகும். ஆனால் அது சொல்வதைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம். கரிச்சான் மற்ற பறவைகளைப் போலக் குரல் காட்டும்; ஆப் ஏமாறும். ஆப் சொன்னதைக் கண்ணால் பார்க்கும் வரை நோட்டில் அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கட்டும்.

போனிலிருந்து பறவைக் குரலை ஒலிக்க விட்டு வரவழைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். இது கூடு கட்டும் காலம். எதிரி எல்லைக்குள் வந்துவிட்டான் என்று நினைத்து ஆண் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு உங்கள் போனோடு சண்டை போடும். நமக்கு அது ஒரு படம். அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு போச்சு.

9. இப்போது ஏற்காடு

சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். முப்பது கிலோமீட்டருக்குள் ஊரும் மாறும், பறவையும் மாறும். கீழே கொண்டைக்குருவி பாடிய இடத்தில் மேலே செம்மீசைச் சின்னான். கீழே செம்மார்புக் குக்குறுவான் தட்டிய இடத்தில் மேலே சின்னக் குக்குறுவான், "குட்ரூ-குட்ரூ" என்று தோட்டம் தோட்டமாக. இந்தச் சின்னக் குக்குறுவான் முக்கியமாக மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவை. கிழக்கே ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை, சித்தேரி மலைப் பக்கமும் இருக்கிறது. ஆகவே நம் மலையில் கேட்பது சாதாரணச் சத்தம் என்று விட்டுவிடாதீர்கள்.

வார நாளில் போங்கள். முடிந்தால் முதல் நாள் மாலையே மேலே போய்த் தங்கிவிடுங்கள். ஆறு மணிக்குத் தோட்டத்து ஓரம் நிற்க வேண்டும் என்றால், கீழிருந்து இருட்டில் வளைவு ஏற வேண்டியிருக்கும். காட்டெருமை சாலையைக் கடக்கும் நேரம் அது. நடக்கும்போது காட்டெருமை தெரிந்தால் படம் எடுக்க நெருங்காமல் வந்த வழியே சத்தமில்லாமல் திரும்புங்கள். குரங்குகள் நிறைய, பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள்.

காபித் தோட்டங்கள் தனியார் சொத்து. தோட்டத்து மேஸ்திரியிடமோ வாட்ச்மேனிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். "குருவி பாக்கறோம், சாலையை விட்டு இறங்க மாட்டோம்" என்றால் பெரும்பாலும் விடுவார்கள், எந்த மரத்தில் ஆந்தை அடைகிறது என்றுகூடச் சொல்வார்கள். அனுமதி இல்லை என்றால் விட்டுவிடுங்கள். தோட்டங்களுக்கு நடுவே போகும் பொதுச் சாலையே போதும்.

மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் சில நாளில் காபிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை மாதிரி மணம், தேனீச் சத்தம். அந்த நாட்களில் செடியை உரசிக்கொண்டு நடக்காதீர்கள். ஒரு பூ உதிர்ந்தால் ஒரு காய் போச்சு என்று தோட்டக்காரர்கள் கணக்குப் பார்ப்பார்கள், நியாயம்தான்.

இங்கே பார்க்கும் முறை வேறு. காபிச் செடி இடுப்பளவு, மேலே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகு. மூன்று மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாடியை மட்டும் பாருங்கள். கீழ் மாடியில் சருகைக் கிளறும் சத்தம் கேட்டால் ஆறுமணிக் குருவியாக இருக்கலாம். ஏப்ரலில் வடக்கே திரும்பும் முன் விடியலிலும் அந்தியிலும் இரண்டே சுரத்தில் விசில் அடிக்கும். நடு மாடியில் அரசவால் ஈப்பிடிப்பான், வெள்ளை ரிப்பன் வாலோடு. மேல் மாடியில் மின்சிட்டுக் கூட்டம், குக்குறுவான், மரங்கொத்தி. நுனியிலிருந்து அடிவரை ஒரே பார்வையில் துழாவினால் மூன்றும் தப்பிவிடும்.

ஒரு பறவை அசைந்தால் அதன் பின்னால் ஓடாதீர்கள். மலைக்காட்டில் பல வகைக் குருவிகள் ஒரே கூட்டமாக இரை தேடிக்கொண்டு நகரும். கூட்டம் போகும் திசையைப் பார்த்து, அதற்கு முன்னால் போய் நில்லுங்கள். ஐந்து நிமிஷத்தில் பத்து வகை உங்களைத் தாண்டிப் போகும். பின்னாலேயே போனால் வால்களை மட்டும்தான் பார்ப்பீர்கள்.

மஞ்சள் தொண்டைச் சின்னான் பற்றி எல்லோரும் கேட்பார்கள். தென்னிந்தியப் பாறைக் கரடுகளில் மட்டும் வாழும் பறவை. உலக அளவில் அழியும் ஆபத்துள்ள பட்டியலில் இருக்கிறது. சேர்வராயன் மலையில் உண்டு. பாறையும் புதரும் கலந்த சரிவில், காலை வேளையில், பொறுமையாக உட்கார்ந்தால் கிடைக்கலாம். எந்தச் சரிவு என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த ஞாயிறே அங்கே பத்துக் கார் நிற்கும்.

10. கூடு கண்ணில் பட்டால்

ஒரே ஒரு முறை பாருங்கள், நிற்காமல் கடந்து போங்கள், அதே வழியில் திரும்பி வராதீர்கள்.

இதை நான் தப்புச் செய்துதான் கற்றேன். வீட்டுக்குப் பக்கத்துப் புதரில் கொண்டைக்குருவிக் கூடு. படம் சரியாக விழ வேண்டும் என்று மறைத்த இலை இரண்டை ஒதுக்கிவிட்டு, பத்து நிமிஷம் நின்று படம் எடுத்தேன். எதிர் கம்பியில் காக்கை ஒன்று நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் கூட்டில் ஒன்றும் இல்லை.

மனிதன் குனிந்து பார்க்கும் இடத்தில் ஏதோ இருக்கிறது என்று காக்கைக்குத் தெரியும். ஒதுக்கிய இலையும் மிதித்த புல்லும் மற்ற வேட்டையாடிகளுக்கு வழி காட்டும். முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டைக் கணக்கில்தான் வருகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

11. ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனால்

ஆறு பேர், அதிகம் போனால் எட்டு. அதற்கு மேல் போனால் கடைசியில் நிற்பவர் பார்க்கும்போது பறவை இருக்காது.

"அதோ, அங்க!" என்று கை நீட்டுவதைத் தடை செய்துவிடுங்கள். நீட்டிய கை பறவையை விரட்டும், பக்கத்தில் இருப்பவருக்கு எதையும் காட்டாது. மரத்தைக் கடிகாரமாக வைத்துச் சொல்லப் பழக்குங்கள்: "ரெண்டாவது வேப்ப மரம், பத்து மணிக் கிளை, நடுவுல."

பிள்ளைகள் வந்தால் ஏரியோடு நிறுத்துங்கள். ஒன்றரை மணி நேரம் போதும், அதற்குள் வயிறு பேசத் தொடங்கிவிடும்.

12. டீக்கடைக் கணக்கு

நடை முடிந்ததும் வீட்டுக்குக் கலையாதீர்கள். முதல் டீக்கடையில் உட்கார்ந்து பட்டியலை ஒப்பிடுங்கள். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் தவறவிட்டிருப்பார். ஒருவர் கேள்விக்குறி போட்டதற்கு இன்னொருவரிடம் விடை இருக்கும். ஞாபகம் சூடாக இருக்கும்போது செய்தால்தான் இது நடக்கும்.

பிறகு பறவைப் பட்டியல்களைச் சேர்த்து வைக்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதைக் கேட்கும். "அடையாளம் கண்ட எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களா" என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லும்படி எழுதுங்கள், காக்கையும் புறாவும் உட்பட. அபூர்வமானவற்றை மட்டும் எழுதிய பட்டியலை வைத்து எது குறைகிறது, எது கூடுகிறது என்று யாராலும் கணக்குப் போட முடியாது. எண்ணிக்கை தெரியாவிட்டால் உத்தேசமாக எண்ணுங்கள்: பத்துக் கொக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, கூட்டத்தில் அப்படி எத்தனை பத்து என்று பாருங்கள். அதுவும் முடியாதபோது எண்ணிக்கைக்குப் பதில் X என்ற ஆங்கில எழுத்து போதும். பெயர் உறுதியில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஊகித்து எழுதிய ஒரு பெயர் விட்டுப்போன பத்துப் பெயரைவிடக் கெடுதல்.

வேனில் நோட்டில் இன்னொரு வேலை இருக்கிறது. வலசைப் பறவை வந்த தேதியை எல்லோரும் எழுதுகிறார்கள், போன தேதியை எழுதுவதில்லை. அது போன தேதி, போய்ச் சில நாள் ஆன பிறகுதான் நமக்கே தெரியும். அதனால் பங்குனி முழுக்க ஒவ்வொரு நடை முடிவிலும், பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், ஒரு வரி எழுதுங்கள்: "வாலாட்டி: உண்டு." "வாலாட்டி: உண்டு." "வாலாட்டி: இல்லை."